வட்டையிலிருந்து வீட்டுக்கு ஒரு லோரா சிக்னல்

மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வட்டைகளில் (வயல்வெளிகளில்), வாய்க்காலில் எவ்வளவு தண்ணி நிற்கிறது என்று பார்க்க இரவிலும் போகவேண்டி வருகிறது. யானை நடமாடும் நேரம் அது. தேவைப்படுவதோ ஒரேயொரு எண். வைஃபை அவ்வளவு தூரம் எட்டாது, சிம் போட்டால் மாதாமாதம் காசு. குறைந்த மின்சாரத்தில் சிறு தகவலை வெகுதூரம் அனுப்பும் ரேடியோ முறையான லோரா இதற்கென்றே அமைந்த மாதிரி.

1. சாமான். இரண்டு ஈஎஸ்பி32 போர்ட் (கோட் ஓடும் சிறு கணினி), இரண்டு எஸ்எக்ஸ்1278 மொடியூல் (லோரா ரேடியோ), இரண்டு 433 மெகாஹேர்ட்ஸ் அன்டெனா. எந்த அலைவரிசைக்கு, எவ்வளவு வலுவுக்கு அனுமதி உண்டு என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் விதிகளில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

2. வயர். மொடியூலின் ஒவ்வொரு பின்னையும் ஈஎஸ்பி32இல் இந்த இலக்கப் பின்னோடு இணையுங்கள்: எஸ்சிகே 18, மிசோ 19, மோசி 23, என்எஸ்எஸ் 5, ரீசெட் 14, டிஐஓ0 2. மொடியூலுக்கு மின்சாரம் 3.3 வோல்ட் மட்டும். அன்டெனா பூட்டாமல் ஒருபோதும் அனுப்பாதீர்கள், சிப் கெட்டுவிடலாம்.

3. கோட். கோட் எழுதி போர்டில் ஏற்றும் ஆர்டுயினோ மென்பொருளில் லோரா லைப்ரரியைப் போட்டால் அனுப்புவதற்கும் பெறுவதற்கும் மாதிரிக் கோட் கூடவே வரும். இரண்டிலும் பின் இலக்கங்களையும் அலைவரிசையையும் மாற்றினால் போதும்.

4. தூரம். முழு வித்தையும் இங்கேதான். வட்டைக்கு அந்தப் பக்கம் நிற்பவரை நாங்கள் "கூ..." என்று நீட்டிக் கூவித்தானே கூப்பிடுகிறோம்? லோராவும் ஒவ்வொரு குறியீட்டையும் அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும் நீண்ட ஒலிபோல அனுப்புகிறது. எந்த அதிர்வெண்ணில் தொடங்குகிறது என்பதில் தகவல் இருக்கிறது. ஏறும் வடிவம் ரிசீவருக்கு முன்பே தெரியும் என்பதால், இரைச்சலுக்குள் அமிழ்ந்த சிக்னலையும் அது பிரித்தெடுக்கும்.

எவ்வளவு நீட்டுவது என்பதை ஸ்பிரெடிங் ஃபாக்டர் என்ற எண் தீர்மானிக்கிறது. 7 முதல் 12 வரை வைக்கலாம், ஒரு படி கூட்டினால் நீளம் இரட்டிக்கும். 125 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் 20 பைட் அனுப்ப, 7இல் ஏறத்தாழ 0.06 வினாடி, 12இல் 1.3 வினாடி. பற்றரியும் அதற்கேற்பக் கரையும். ஆகவே எடுத்த எடுப்பில் 12 வேண்டாம். 7இல் தொடங்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் கேட்காது.

5. சோதனை. ரிசீவரை வீட்டில் வைத்துவிட்டு, அனுப்பும் போர்டோடு வயல் வாடிவரை (காவல் குடிசைவரை) நடந்து பாருங்கள். ரிசீவர் காட்டும் சிக்னல் வலு (ஆர்எஸ்எஸ்ஐ) -120ஐ நெருங்கினால் 7க்கு அதுவே எல்லை. அப்போதும் எண்ணைக் கூட்டுமுன் அன்டெனாவை உயர்த்துங்கள். தென்னைகளுக்கு மேலே போனாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

6. சிக்கனம். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை அனுப்பி, இடையில் போர்டை ஆழ்ந்த உறக்கத்தில் (மிகக் குறைந்த மின்சாரம் எடுக்கும் டீப் ஸ்லீப் நிலையில்) விடுங்கள். எழுத்தாக அனுப்பவேண்டாம். "நீர்மட்டம்" என்ற சொல்லுக்கு மட்டும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 30 பைட் போகும். 255 சென்ரிமீற்றர் வரையான எந்த அளவுக்கும் ஒரு பைட் போதும்.