புள்ளிக்காகப் போட்ட சாலையை வரைபடத்திலிருந்து எடுப்பது எப்படி

சம்பா அறுவடை நேரத்தில் வெளியூரிலிருந்து அறுவடை எந்திரம் ஏற்றி வரும் லாரிக்காரர் ஊர்ப்பாதை தேடுவது போனில்தான். அதில் வரப்பு சாலையாகக் கிடந்தால் லாரி வாய்க்கால் கரையில் போய் மாட்டிக்கொள்ளும். திருப்ப இடம் இருக்காது. கரை ஈரமாக இருந்தால் ஒரு பக்கச் சக்கரம் இறங்கிவிடும். இப்படிப்பட்ட பொய்ச் சாலைகளில் சில அறியாமல் வரைந்தவை, சில வரைபடச் செயலி தரும் புள்ளிக்காக வரைந்தவை. திருத்தும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் புள்ளிக் கணக்கு. பயனர்களே தகவல் சேர்க்கும் கூகுள் மேப்ஸின் லோக்கல் கைட்ஸ் திட்டத்தில் புது இடம் சேர்த்தால் 15 புள்ளி, புதுச் சாலைக்கும் 15. விமர்சனத்துக்கு 10, அது 200 எழுத்தைத் தாண்டினால் இன்னும் 10. படத்துக்கு 5, திருத்தத்துக்கு 5, பிறர் தந்த தகவலைச் சரிபார்த்தால் 1. 250 புள்ளி சேர்ந்தால் நான்காம் நிலை, பெயருக்குப் பக்கத்தில் பேட்ஜ். கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் இருக்கின்றன. ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றையும் ‘மண்டபம்’ என்று தனி இடமாகப் போட்டு, எல்லாம் ஏற்கப்பட்டால் 240 புள்ளி. ஒரே ஒரு விமர்சனம் எழுதினால் பேட்ஜ் வந்துவிடும். ஒரு சாலை உண்மையில் இருக்கிறதா என்று வெயிலில் போய்ப் பார்த்து வருபவருக்கு 1 அல்லது 5. வீட்டிலிருந்து செயற்கைக்கோள் படத்தின்மேல் கோடு இழுப்பவருக்கு 15. கோளாறின் வேர் இந்த ஏற்றத்தாழ்வுதான்.

யாரும் வரைந்து திருத்தக்கூடிய பொது வரைபடமான, புள்ளியே தராத ஓபன்ஸ்ட்ரீட்மேப்பும் தப்பவில்லை. போக்கிமான் கோ விளையாட்டு அதன் தரவை எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்ததும், தங்கள் பக்கத்தில் போக்கிமான்கள் அதிகம் வரட்டும் என்று பல நாடுகளில் ஆட்டக்காரர்கள், உண்மையில் இல்லாத பூங்காக்களை வரைந்து தள்ளினார்கள். வேஸ் என்ற வழிகாட்டிச் செயலியில் திருத்தத்துக்குப் புள்ளி உண்டு. ஆனால் புதியவர் தான் ஓட்டிப்போன பாதையை ஒட்டித்தான் திருத்த முடியும், முக்கியச் சாலைகளை மேல்நிலை எடிட்டர்கள் பூட்டியும் வைக்கலாம். அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு.

இனி கண்டுபிடிப்பது. காவிரி டெல்டாவில் கடினமான வேலை இதுதான், ஏனென்றால் மேலிருந்து பார்த்தால் வரப்பு, வாய்க்கால், வண்டிப்பாதை மூன்றும் ஒரே மாதிரி வெளிர் கோடு. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். இடைப்பட்ட கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் தண்ணீரில்லாத வாய்க்காலின் தரை அசல் மண்சாலையாகவே தெரியும். அதனால் ஒரே படத்தை நம்ப வேண்டாம். கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய படங்களைத் தேதிவாரியாகப் பார்க்கலாம். அக்டோபர், நவம்பர் படம் மேகமில்லாமல் கிடைத்தால் பாதிச் சந்தேகம் அதிலேயே தீரும்.

அப்படிக் கிடைக்காவிட்டால் கோட்டின் மேல்முனைக்குப் போங்கள். ஆற்றங்கரையில் ஒரு மதகிலிருந்து கிளம்புகிறதா? போகப் போகக் கிளை பிரிந்து, ஒவ்வொரு கிளையும் முந்தையதைவிடக் குறுகி, கடைசியில் வயலுக்குள் காணாமல் போகிறதா? அது வாய்க்கால். சாலை அப்படிக் கரைந்து போகாது. ஒரு தெருவிலோ இன்னொரு சாலையிலோ போய்ச் சேரும். வரப்புக்கு வேறு அடையாளம்: வயலின் மூலைக்கு மூலை செங்கோணமாகத் திரும்பும், எங்கும் அகலம் கூடாது. வண்டிப்பாதை என்றால் இரண்டு சக்கரத் தடம் இணையாக ஓடும், நடுவில் புல் பச்சையாகத் தெரியும், வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் குழாய்ப் பாலமோ வேறு சிறு பாலமோ இருக்கும்.

ஆற்றைக் கடக்கும் கோடுகளைத் தனியாகப் பாருங்கள். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலை சில கிலோமீட்டருக்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு ஐந்தையும் தாண்டுகிறது. இப்படி ஆறுகள் நெருங்கி ஓடும் நாட்டில், இல்லாத பாலத்தைக் காட்டும் ஒரு கோடு வண்டியை நெடுந்தூரம் சுற்ற வைத்துவிடும். நடைபாலத்தையும், டூவீலர் மட்டும் போகக்கூடிய கதவணை மேல்தளத்தையும் கார்ச்சாலையாக வரைந்துவிடுவது வழக்கமான பிழை.

அடுத்து, நேரில் போவது. இதைத் தவிர்க்கக் கூடாது. பாதைப் பதிவு செய்யும் செயலியை ஓடவிட்டு, சைக்கிளிலோ டூவீலரிலோ இரு முனைக்கும் போங்கள். திறந்தவெளியில் போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், தென்னந்தோப்பிலும் மூங்கில் கொத்தருகிலும் இன்னும் அதிகம். வாய்க்காலும் கரைச்சாலையும் பக்கம் பக்கமாகப் போகும் இடத்தில் அந்தப் பிசகே சாலையைத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். ஒவ்வொரு வளைவிலும் அரை நிமிடம் நின்று பதியுங்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவர்களுக்கு இடையே டேப் வைத்து அளந்து எழுதுங்கள். லாரியின் சட்டப்படியான அதிகபட்ச அகலமே 2.6 மீட்டர். பாலம் 3 மீட்டர்கூட இல்லாவிட்டால் லாரி அதில் போகும் என்று நம்ப வேண்டாம். இரு முனையிலும் ஒவ்வொரு படம், மாட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு படம் போதும்.

கூகுளில் திருத்த, சாலையைத் தேர்ந்து ‘இல்லை’ என்றோ ‘தனியார் பாதை’ என்றோ குறித்து, படத்துடன் இரண்டு வரி விளக்கம் சேருங்கள். ‘இது வாய்க்கால், மதகு இந்த இடத்தில் இருக்கிறது’ என்று எழுதுவது ‘தவறான சாலை’ என்று எழுதுவதைவிட எடுபடும். நிராகரித்தால் மனம் தளராமல் வேறு படத்தோடு மறுபடி அனுப்புங்கள். ஊரில் இன்னும் இரண்டு மூன்று பேர் தாங்களே பார்த்துவிட்டு அனுப்பினால் பலன் கூடும்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கோட்டை அழிக்க வேண்டாம். வரலாற்றைத் திறந்து யார், எந்த மாற்றத் தொகுப்பில் (ஒரே தடவையில் சேமித்த திருத்தங்கள்) வரைந்தார் என்று பாருங்கள். அவருக்குத் தமிழிலேயே மரியாதையாக ஒரு குறிப்பு எழுதி ஒரு வாரம் காத்திருங்கள். பலர் தெரியாமல் செய்தவர்கள், கேட்டால் தாங்களே திருத்துவார்கள். பிறகு அதே கோட்டின் வகையைச் சாலையிலிருந்து வாய்க்காலாக மாற்றுங்கள். அழித்துவிட்டால் அடுத்து வருபவர் அதே வெளிர் கோட்டைப் பார்த்து மறுபடி சாலை வரைவார். ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் வரைந்திருந்தால் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இத்தகைய புகார்களைக் கவனிக்கும் டேட்டா வொர்க்கிங் குரூப்புக்கு எழுதுங்கள், மொத்தமாகப் பழைய நிலைக்கு மாற்றும் வசதி அவர்களிடம் இருக்கிறது.

இடங்களை நீக்கும்போது கை நிதானமாக இருக்கட்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையம் பல ஊர்களில் அறுவடைக் காலத்தில் மட்டும் திறக்கும். மே மாதம் போய்ப் பார்த்துவிட்டு ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று குறித்தால் அதுவும் பொய்த் தகவல்தான். அதே நிலையம் ‘டிபிசி’ என்ற ஆங்கிலச் சுருக்கத்திலும் தமிழ்ப் பெயரிலும் இரண்டு மூன்று முறை இருந்தால் மட்டும் ‘நகல்’ என்று ஒன்றாக்குங்கள். தெருமுனைக்குத் தெருமுனை இருக்கும் பிள்ளையார் கோயில்கள் நகல் அல்ல, பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொன்றும் தனிக் கோயில்.

கல்லூரி முகாமில் வரைபட வேலை வைப்பவர்கள் ‘அதிகம் சேர்த்தவருக்குப் பரிசு’ என்று அறிவிக்கவே கூடாது. இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் வரைவதை இன்னொருவர் நேரில் பார்த்த பிறகே கணக்கில் எடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துச் சாலை என்று வரம்பு வையுங்கள்.

திருத்தம் ஏற்கப்பட்ட பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. சில நாள் கழித்துப் பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்து வழி கேட்டுப் பாருங்கள். பழைய கோட்டின் துண்டு எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அப்போது தெரியும். ஆஃப்லைன் வரைபடம் இறக்கி வைத்திருக்கும் ஓட்டுநர்களிடம் அதைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அதுவரை அவர்கள் போனில் அந்த வரப்பு சாலையாகத்தான் இருக்கும்.