ஷென்ஜென் நகரைப் புரிந்துகொள்வது எப்படி: பெங்களூரிலிருந்து வேலையாகச் செல்வோருக்கு

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் எல்.ஈ.டி. பட்டைகளும் மொபைல் உதிரிபாகங்களும் விற்கும் நம் வியாபாரிகளுக்கும், வொயிட்ஃபீல்டு அலுவலகங்களில் மின்னணுக் கருவிகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், தென்சீனக் கடற்கரை நகரமான ஷென்ஜென் தொழில்வழியாக அறிமுகமான ஊர்தான். ஆனாலும் போய் வருகிறவர்களில் பலர் விமான நிலையம், விடுதி, தொழிற்சாலை, சந்தை என்று சுற்றிவிட்டு, "மீனவக் கிராமம் நாற்பதே வருடத்தில் மாநகரமாகிவிட்டது" என்ற ஒற்றை வரியோடு திரும்புகிறார்கள். அந்த வரி வியப்பைத் தருகிறதே தவிர, நகரம் ஏன் அங்கே வளர்ந்தது, யார் உழைப்பில் வளர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. வேலைக்கு நடுவே இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் போதும். எந்த இடத்தில் நின்றாலும், இந்த நிலம் முன்பு யாருடையது, இங்கே வேலை செய்கிறவர் இரவில் எங்கே போய்ப் படுக்கிறார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டே நடந்தால் ஷென்ஜென் தானாகவே விளங்கத் தொடங்கும்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கூகுள் எர்த்தைக் கணினியில் திறந்து, பழைய செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் வசதியில் ஷென்ஜெனின் மேற்குக் கரையை ஆண்டுவாரியாகப் பாருங்கள். கடலாக இருந்த இடங்கள் மண் மேடாகி, பின்பு சாலைகளாகவும் கோபுரங்களாகவும் மாறுவதைக் கண்ணால் காணலாம். இதை இங்கேயே முடித்துவிடுவது நல்லது. சீனாவில் கூகுள் சேவைகள் தடுக்கப்பட்டிருக்கின்றன. தவிர, கூகுள் வரைபடத்தில் அங்குள்ள சாலைகள் செயற்கைக்கோள் படத்தோடு பொருந்தாமல் விலகித் தெரியும். அலிபே போன்ற பணம் செலுத்தும் செயலியில் நம் வங்கி அட்டையை இணைத்துக்கொண்டால், தெருவோரக் கடையில் நூடுல்ஸ் வாங்குவதற்கும் தடையிருக்காது.

மீனவக் கிராமக் கதையையும் கிளம்பும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள். 1979 மார்ச்சில் ஷென்ஜென் நகரம் என்று பெயர் மாறும் வரை அது பாவோஆன் மாவட்டம். நெல்லும் லிச்சியும் சிப்பி வளர்ப்பும் சார்ந்து ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். ஹாங்காங்கின் கவுலூனையும் கான்டன் என்கிற குவாங்ஜோவையும் இணைத்த ரயில் பாதை 1911-லேயே இந்த ஊர் வழியாகச் சென்றது. வெற்று மண்ணில் நகரம் முளைத்தது என்று நம்பிவிட்டால், அந்த மூன்று லட்சம் பேரும் அவர்களுடைய கிராமங்களும் நம் கண்ணில் படாமலே போய்விடும். இன்றைய நகரத்தின் பாதிக் கதை அந்தக் கிராமங்களில்தான் இருக்கிறது.

நடக்கும் வரிசை மிக முக்கியம். நகரம் கிழக்கிலிருந்து மேற்காக, ஷென்னான் பெருஞ்சாலையை ஒட்டி வளர்ந்தது. மெட்ரோவின் முதல் தடமும் பெரும்பாலும் அதே திசையில் ஓடுகிறது. எனவே கிழக்குக் கோடியிலுள்ள லுவோஹூ நிலையத்தில் தொடங்கி மேற்கே நகர்ந்தால் எண்பதுகள், தொண்ணூறுகள், இரண்டாயிரங்கள் என்று காலவரிசையிலேயே ஊரைப் பார்த்துவிடலாம்.

லுவோஹூவில் ஒரு சிற்றாறுதான் எல்லை, அக்கரை ஹாங்காங். ஐம்பதுகள் முதல் எழுபதுகளின் இறுதி வரை, வறுமை தாங்காமல் இந்த எல்லையையும் பக்கத்து விரிகுடாக்களையும் ஓடியும் நீந்தியும் கடந்தவர்கள் ஏராளம். வழியில் உயிரை விட்டவர்களும் உண்டு. எவ்வளவு காவல் போட்டாலும் இது நிற்காது, இக்கரையிலும் பிழைப்பு இருந்தால்தான் நிற்கும் என்ற உணர்வு குவாங்டாங் மாகாணத் தலைமைக்கு வந்தது. மாகாணத்தின் பொறுப்பிலிருந்த சீ ஜோங்சுன் பெய்ஜிங்கிடம் தனி அதிகாரம் கேட்டார். அன்று சீனாவின் உச்சத் தலைவராக இருந்த டெங் சியாவோபிங் ஆதரித்தார். 1980 ஆகஸ்ட் 26 அன்று 327.5 சதுர கிலோமீட்டர் பரப்பில் சிறப்புப் பொருளாதார மண்டலம் சட்டப்படி பிறந்தது. ஹாங்காங் முதலாளி மூலப்பொருளையும் இயந்திரத்தையும் அனுப்புவார், இங்குள்ளவர்கள் கூலிக்குச் செய்து கொடுப்பார்கள். பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் நாம் ஜாப் ஒர்க் என்று சொல்கிறோமே, தொடக்க காலத் தொழில் பெரும்பாலும் அதே ஏற்பாடுதான்.

அங்கிருந்து அடுத்த நிலையம் குவோமாவ். 1985-ல் முடிந்த 53 மாடி வணிக மையம் அங்கே நிற்கிறது. உச்ச வேகத்தில் மூன்று நாளுக்கு ஒரு மாடி எழுந்ததால் "ஷென்ஜென் வேகம்" என்ற பேச்சே இதிலிருந்துதான் பிறந்தது. 1992 ஜனவரியில் டெங் இதன் சுழலும் உணவகத்திலிருந்து நகரைப் பார்த்தபடி சீர்திருத்தத்தை வலியுறுத்திப் பேசினார். இன்று சுற்றிலும் இதைவிட உயரமான கட்டடங்கள் நிற்பதால் படம் எடுக்கக்கூட யாரும் நிற்பதில்லை. நீங்கள் நின்று பாருங்கள்.

இதே பகுதியில் நடந்த இன்னொரு நிகழ்வைக் கட்டடங்களைவிடப் பெரியதாக நான் கருதுகிறேன். 1987 டிசம்பர் 1 அன்று 8,588 சதுர மீட்டர் நிலத்தின் ஐம்பதாண்டுப் பயன்பாட்டு உரிமை பொது ஏலத்தில் 52.5 லட்சம் யுவானுக்குப் போனது. 1949-க்குப் பிந்தைய சீனாவில் நடந்த முதல் நில ஏலம் அது. நில உரிமையைக் கைமாற்ற அன்றைய அரசியல் சட்டம் இடம் தரவில்லை. அடுத்த ஆண்டுதான் சட்டம் திருத்தப்பட்டது. பெங்களூர் வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ.வின் மூலைமனை ஏலத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு ஏலம் புதிதல்ல. ஆனால் அங்கே நிலம் அரசிடமே இருக்க, குறிப்பிட்ட கால உரிமை மட்டுமே விலைபோகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் சீன நகரங்கள் சாலைக்கும் மெட்ரோவுக்கும் பணம் திரட்டிய வழி இந்த ஏலத்திலிருந்து கிளைத்ததுதான்.

மேற்கே சில நிலையங்கள் தள்ளி ஹுவாச்சியாங்பெய். எண்பதுகளில் மின்னணுத் தொழிற்சாலைகள் இருந்த வட்டாரம், பின்பு உலகறிந்த உதிரிபாகச் சந்தையானது. கொள்முதலுக்காக வருகிறவர்கள் பட்டியலை முடித்ததும் ஒரு மணி நேரம் சும்மா நின்று பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் அகலக் கண்ணாடி மேசைதான் ஒரு கடை. அதற்குள் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சுற்றிய சுருள்கள் கூரை வரை அடுக்கப்பட்டிருக்கும். மேசைக்குப் பின்னால் ஒருவர் நுண்ணோக்கியில் சிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே அவர் குழந்தை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். பழுப்பு டேப்பை இழுத்துப் பெட்டி ஒட்டும் சத்தம் மாடிக்கு மாடி ஓயாமல் கேட்கும். கேட்ட பொருள் கையில் இல்லாவிட்டால் கடைக்காரர் செய்தி ஒன்றை அனுப்புவார். சில நிமிடத்தில் வேறு மாடியிலிருந்து ஒரு பையன் அதை எடுத்து வருவான். வடிவமைப்பாளர், உதிரிபாக விற்பனையாளர், அச்சு வார்ப்பவர், பொருத்துபவர் எல்லாரும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இருப்பதே இந்த நகரத்தின் பலம். எஸ்.பி. ரோட்டில் சுறுசுறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே விற்கும் பொருளைச் செய்கிறவர் அருகில் இல்லை. 1987-ல் தொடங்கிய ஹுவாவெய், 1995-ல் தொடங்கிய பி.ஒய்.டி., 1998-ல் தொடங்கிய டென்சென்ட் ஆகியவை ஒரே ஊரில் வேர்விட்டதற்கு அரசின் கொள்கையோடு இந்த அருகாமையும் ஒரு காரணம்.

மாலையில் அந்தக் கடைக்காரர்களும் பையன்களும் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கோபுரங்களுக்கு நடுவே, திடீரென்று சந்துகள் நெருங்கும் நகரக் கிராமங்களுக்குத்தான் பெரும்பாலோர் திரும்புகிறார்கள். அரசு வயல்களை எடுத்துக்கொண்டபோது, கிராமத்தாரின் வீட்டு மனைகள் அவர்களிடமே விடப்பட்டன. விவசாயம் போனபின் அவர்கள் அந்த மனையில் மூன்று மாடி, பிறகு ஆறு, எட்டு மாடி என்று கட்டி வாடகைக்கு விட்டார்கள். எதிரெதிர் ஜன்னல்களிலிருந்து கைகுலுக்கிக்கொள்ளலாம் என்னும் அளவுக்குக் கட்டடங்கள் நெருங்கின. ஈஜிபுராவிலும் மடிவாளாவிலும் பழைய கிராமத் தெருக்களில் முப்பதுக்கு நாற்பது அடி மனையில் ஐந்து மாடி பி.ஜி. விடுதி எழுந்ததைக் கண்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். வேறுபாடும் உண்டு: அங்கே 1992 முதல் கிராமங்களின் கூட்டுச் சொத்து பங்கு நிறுவனங்களாக மாற்றப்பட்டது; பழைய விவசாயி பங்குதாரர் ஆனார்.

இதைப் பார்க்க ஃபுதியான் வட்டாரத்திலுள்ள ஷுய்வெய், ஹுவாங்காங் கிராமங்களுக்கு மாலை ஏழு மணிவாக்கில் செல்லுங்கள். சந்துக்குள் நுழைந்ததும் மேலே பாருங்கள்: வானம் ஒரு கோடாகத் தெரியும், அதன் குறுக்கே மின்கம்பிகளும் உலரும் துணிகளும் கிடக்கும். கீழே முடிதிருத்தகம், பூட்டுக்கடை, ஹூனான் மாகாணக் காரச் சமையல், வாடகை அறைக்கான கைப்பட எழுதிய அறிவிப்பு. மூலக் கிராமத்தாரின் குலக்கோயில் கல் வாசலோடு நடுவில் இருக்கும். ஷுய்வெயில் 29 கட்டடங்களை இடிக்காமலே புதுப்பித்து 504 வாடகை வீடுகளாக்கினார்கள். மேற்கே பைஷிஜோவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியிருந்த கிராமம் இடிப்புக்கு உள்ளானது. மனைக்காரர்களுக்கு ஈடு கிடைத்தது, குடியிருந்தவர்கள் இன்னும் தொலைவுக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டால், மலிவான வாடகை அறைதான் இந்த நகரத்தைத் தாங்கிய அடித்தளம் என்பது என் உறுதியான கருத்து. படம் எடுப்பதாக இருந்தால் வீட்டு வாசல்களை விட்டுவிடுங்கள்.

2020 கணக்கெடுப்பில் ஷென்ஜெனின் மக்கள்தொகை 1.756 கோடி. ஆனால் ஹுகோவ் எனப்படும் குடும்பப் பதிவு இந்த ஊரில் உள்ளவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். குழந்தையின் பள்ளி, மருத்துவம், வீட்டு உதவி எல்லாம் அந்தப் பதிவைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. முன்பு நகரத்துக்குள்ளேயே இரண்டாம் எல்லை ஒன்று இருந்தது: சிறப்பு மண்டலத்தைச் சுற்றிக் கம்பி வேலி, உள்ளே வர சீனருக்கே அனுமதிச்சீட்டு. சம்பளமும் நில மதிப்பும் குறைந்த வேலிக்கு வெளியேதான் லோங்ஹுவாவின் ஃபாக்ஸ்கான் போன்ற பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. 2010-ல் சிறப்பு மண்டலம் நகரம் முழுவதற்கும் விரிந்தது. வேலி முறைப்படி 2018-ல்தான் நீங்கியது. 1993 நவம்பரில் வேலிக்கு வெளியே ஒரு பொம்மைத் தொழிற்சாலை தீப்பற்றி 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள், ஜன்னல்களுக்குக் கம்பி, கதவுகளுக்குப் பூட்டு. வேகத்தைப் பாராட்டுகிறவர்கள் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

இரண்டாம் நாள் ஷெகோவுக்குச் செல்லுங்கள். 1979-ல் யுவான் கெங் தலைமையில் மலையை வெடிவைத்துத் தொடங்கிய தொழிற்பேட்டை அது. "நேரமே பணம், திறனே உயிர்" என்ற அவருடைய அறிவிப்புப் பலகை அங்கே இன்னும் நிற்கிறது. அங்கிருந்து வடக்கே சியன்ஹாய் வரை நடப்பது பெரும்பாலும் கடலைத் தூர்த்த நிலத்தின் மேல்தான். வீட்டில் பார்த்த செயற்கைக்கோள் படங்களை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். கட்டுமானத்துக்காகத் தோண்டிய மண் எல்லாம் எங்கே போயிற்று என்றும் கேளுங்கள். 2015 டிசம்பர் 20 அன்று குவாங்மிங் வட்டாரத்தில் கொட்டி வைத்த கட்டுமான மண்மேடு சரிந்து 73 பேர் இறந்தார்கள், நால்வர் காணாமல் போனார்கள்.

நகரத்தின் குணத்தை அறிய மூன்றே குறிப்புகள் தருகிறேன். கான்டனீஸ் பேசும் மாகாணத்தில் இருந்தாலும் தெருவில் கேட்பது மாண்டரின். எல்லாரும் வெளியூரார் என்பதால் தமிழர் நிறைந்த நம் அல்சூர் போல ஒரு மொழிக்குரிய பேட்டைகள் பெரிதாகத் தெரியா. அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய ஐந்து சதவீதமே. பூங்காவில் பேரக்குழந்தையோடு தெரியும் பெரியவர்கள் பலர் மகன் வீட்டுக்கு உதவ ஊரிலிருந்து வந்தவர்கள். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட நகரப் பேருந்துகள் 2017 இறுதிக்குள் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. இரைச்சல் குறைந்ததால் சாலையோரம் நின்றே பேசிக்கொள்ள முடிகிறது. சீனப் புத்தாண்டு வாரத்தில் போகாதீர்கள்: பாதி நகரம் சொந்த ஊருக்குப் போயிருக்கும், நீங்கள் தேடும் கடைகள் பூட்டியிருக்கும்.

599 மீட்டர் பிங் ஆன் கோபுரத்தையும், லியன்ஹுவாஷான் குன்றின் மேலுள்ள டெங் சிலையையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே உயரத்திலிருந்து பார்த்தவருக்குக் கோபுரங்கள் மட்டும் தெரியும். கிராமங்களை நடந்து முடித்தவர், குன்றின் மேல் நின்று கோபுரங்களுக்கு இடையில் எஞ்சியிருக்கும் தாழ்ந்த கூரைக் கூட்டங்களைத் தானே அடையாளம் காண்பார். இன்னும் அரை நாள் மிஞ்சினால் கேளிக்கைப் பூங்காக்களைத் தவிர்த்து, மிங் அரச மரபு 1394-ல் கட்டிய டாபெங் கோட்டைக்குக் கிழக்கே செல்லலாம். வார இறுதியில் கடற்கரைக்குப் போகும் கூட்டத்தில் அந்தச் சாலை நெரிசலாகிவிடும் என்பதால், வாரநாளில் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.