ஓசூர் பக்கம் பசங்க மனசை அளக்கப் போறீங்களா, கேள்வித்தாளை இப்படி தயார் பண்ணுங்க

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரே கிளாஸ்ல தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசற பசங்க உக்காந்திருப்பாங்க. அங்க கேள்வித்தாளை மொழிபெயர்த்து நீட்டிட்டா மட்டும் வேலை முடியாதுங்க.

உலக சுகாதார நிறுவனத்தோட மனநலக் கேள்வித்தாள் டபிள்யூஹெச்ஓ-5-ஐயே எடுத்துக்கங்க. அஞ்சே கேள்வி, கடைசி ரெண்டு வாரத்தை பத்தி, ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 5 மார்க், மொத்தம் 25, அதை 4-ஆல பெருக்குனா நூத்துக்கு வந்துரும்.

மொதல்ல ரெண்டு பேரு தனித்தனியா மொழிபெயர்க்கட்டும், அதை சேர்த்து ஒண்ணாக்கி, மூலத்தையே பாக்காத இன்னொருத்தர்கிட்ட குடுத்து திரும்ப இங்கிலீஷ்ல எழுத சொல்லுங்க, எங்க அர்த்தம் மாறுதுன்னு தெரிஞ்சிரும்.

அப்புறம் தான் முக்கியமான வேலை, இதை தயவுசெஞ்சு விட்டுறாதீங்க. ஏழெட்டு பசங்களை தனித்தனியா உக்கார வச்சு "இந்த கேள்வி என்ன கேக்குது, உன் வார்த்தையில சொல்லு"ன்னு கேளுங்க. காலையில புத்துணர்ச்சியா எந்திரிச்சியான்னு ஒரு கேள்வி இருக்கு, ராயக்கோட்டை பக்கத்து பொண்ணு ஒண்ணு அதுக்கு 0 போட்டுச்சு, மத்த நாலுலயும் 4, 5-ன்னு போட்டிருந்துச்சு. ஏம்மான்னு கேட்டா "நாலு மணிக்கே பூப்பறிக்க எழுப்பிருவாங்கக்கா". அதுக்காக மார்க்கை திருத்தக்கூடாது, காரணத்தை பக்கத்துல குறிச்சு வைங்க.

வார்த்தையும் ஏமாத்தும். கன்னடம் பேசற பையன் "பேஜாரு"ன்னா மனசு கஷ்டம், சலிப்புன்னு அர்த்தம், தமிழ்ல பேஜாருன்னா தொல்லைன்னு தான எடுத்துப்போம். ரெண்டு வாரம்னா சின்ன பசங்களுக்கு பிடிபடாது, "போன சந்தைக்கு முந்தின சந்தையில இருந்து"ன்னு சொல்லிப் பாருங்க, டக்குனு புரிஞ்சுக்கும்.

தமிழ் பசங்க சராசரியையும் தெலுங்கு பசங்க சராசரியையும் உடனே பக்கத்துல வச்சு ஒப்பிடாதீங்க. ஒரே மனநிலையில இருக்கற ரெண்டு பேரும் ஒரே மாதிரி மார்க் போடறாங்களான்னு முதல்ல புள்ளியியல்ல சோதிக்கணும், அதுக்கு நூத்துக்கணக்குல பசங்க வேணும், 40 பேரை வச்சு முடியாது.

பெத்தவங்க சம்மதம் வாங்குங்க, பசங்க எழுதறப்ப டீச்சர் பக்கத்துல நிக்க வேண்டாம். 25-க்கு மொத்தம் 13-க்கு கீழ வந்தா நோய்னு முத்திரை குத்தாம அன்னைக்கே தனியா பேசுங்க, அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 நம்பரையும் குடுங்க, தெலுங்கு, கன்னடத்துலயும் பேசலாம்.