வெந்தய வாசனை வந்தால் தாமதமாகிவிட்டது: வெள்ளை பர்கண்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011-இல் பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் மெர்சோ என்ற ஊரின் வெள்ளை ஒயின், ப்ரெமியே க்ரூ என்ற உயர்தர நிலத்தில் விளைந்தது, 2008 அறுவடை, ஆறு புட்டிகள் வாங்கி எங்கள் அடுக்ககத்தின் நிலவறையில் படுக்க வைத்தேன். அப்போது எனக்கு அது பெரிய செலவு. நல்ல நாளுக்கு ஆகும் என்று பன்னிரண்டு வருடம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. 2023-இல் நண்பர்கள் வந்த ஒரு இரவில் முதல் புட்டியைத் திறந்து ஊற்றினால் நிறமே சரியில்லை, டிகாக்‌ஷனில் தண்ணீர் கலந்த மாதிரி ஒரு பழுப்பு. முகர்ந்தால் நறுக்கி வைத்து மறந்துபோன ஆப்பிள், அதற்குப் பின்னால் வெந்தயம். இரண்டாவது புட்டியும் அப்படியே. மனசு கேட்காமல் மூன்றாவதைத் திறந்தேன். பளிச்சென்று பொன்மஞ்சள், எலுமிச்சைத் தோல், தேன், வறுத்த கொட்டை, விழுங்கி ஒரு நிமிடம் ஆன பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை. மூன்றும் ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே அலமாரியில் இருந்தவை.

என் தவறு எளிமையானது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு புட்டியைக்கூடத் திறந்து பார்க்காமல் இருந்துவிட்டேன். ஐந்தாம் வருடம் ஒன்று, எட்டாம் வருடம் ஒன்று என்று திறந்திருந்தால் ஒயின் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்திருக்கும், மீதியை நேரத்தோடு குடித்திருக்கலாம். வெள்ளை பர்கண்டி வாங்கிச் சேர்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்கிற தவறு இதுதான் என்று நினைக்கிறேன். வயது ஏற ஏற ஒயின் உசத்தியாகும் என்று நம்பிவிடுகிறோம், அதைச் சோதித்துப் பார்ப்பதே இல்லை.

அந்த வெந்தய வாசனைக்குக் காரணம் சோட்டோலோன் என்ற சேர்மம். வெந்தயத்துக்கு அதன் மணத்தைக் கொடுப்பதும் அதேதான், அதனால் நம் சமையலறையில் வளர்ந்த மூக்குக்கு இதைப் பிடிப்பது கஷ்டமில்லை. ஒயினில் ஆக்சிஜன் வேலை செய்து முடித்த இடத்தில் இது தலைகாட்டும். பக்கத்து ஜூரா பகுதியில் வேண்டுமென்றே காற்றுப்பட வைத்துச் செய்யும் மஞ்சள் ஒயினில் இதே வாசனைதான் பெருமை. மெர்சோவிலோ பக்கத்து ஊர் புலினியின் ஒயினிலோ வந்தால் அந்தப் புட்டி போய்விட்டது என்று அர்த்தம்.

எல்லா ஒயினும் ஒருநாள் இப்படி ஆகத்தான் போகிறது. சிக்கல், பர்கண்டியின் வெள்ளை ஒயின்களில் இது இருபது வருடத்தில் வரவேண்டியது ஏழெட்டு வருடத்திலேயே வரத் தொடங்கியதுதான். 1995, 1996 அறுவடை ஒயின்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் 2000-களின் தொடக்கத்தில் திறந்து பார்த்து அதிர்ந்து போனார்கள். 1996-இன் புளிப்புக்கு அது பல பத்தாண்டு நிற்கும் என்று நினைத்திருந்தார்கள். அகால ஆக்சிஜனேற்றம் என்று சொல்லலாம், ஒயின்காரர்கள் சுருக்கி ப்ரீமாக்ஸ் என்கிறார்கள். ஒரே காரணத்தைக் கை காட்டி முடிக்க முடியவில்லை. தக்கைக்குத் தக்கை உள்ளே விடுகிற காற்றின் அளவு மாறுவது ஒன்று, ஒரே பெட்டியில் ஒன்று செத்தும் ஒன்று உயிரோடும் இருப்பதற்கு இதுதான் முக்கிய விளக்கம். ஒயினைப் பாதுகாக்கிற சல்ஃபர் டை ஆக்சைடைக் குறைத்துக்கொண்டே வந்தது ஒன்று. பழத்தை மென்மையாகப் பிழிகிற காற்றழுத்தப் பிழிகருவிகள் வந்தது இன்னொன்று: பழைய கருவிகளில் சாறு பிழியும்போதே காற்றுபட்டுப் பழுப்பாகி, கெடக்கூடிய பொருட்கள் அங்கேயே கழிந்துவிடும், புதியவற்றில் சாறு பார்க்கச் சுத்தமாக வந்தாலும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. கொழுப்பான வாய்ச்சுவைக்காகப் பீப்பாயின் அடியில் படிந்த ஈஸ்டை அடிக்கடி கலக்கிவிடும் பழக்கத்தையும் இதில் சேர்க்க வேண்டும்.

இப்போது நிலைமை முன்பைவிடத் தேவலாம். ஒயின் ஆக்கும் பல வீடுகள் டியாம் என்ற தக்கைக்கு மாறிவிட்டன. தக்கையைப் பொடியாக்கி, அழுத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடால் கழுவி, திரும்ப அழுத்திச் செய்வது அது. எல்லாத் தக்கையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், நனைந்த அட்டை வாசனை கொடுக்கிற தக்கைக் கோளாறும் வராது. புலினியின் டொமேன் லஃப்லேவ் 2014 அறுவடையிலிருந்து இதற்கு மாறியது, அந்த உயரத்தில் இருக்கிற ஒரு வீடு மாறியதும் மற்றவர்களுக்கும் தயக்கம் குறைந்தது. ஆனாலும் என் பழக்கத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை: மூன்று புட்டிக்குக் குறைவாக வாங்கினால் அதை நீண்ட நாள் வைக்க மாட்டேன்.

அடுத்தது, வயதுக்கு விடக்கூடாததை வயதுக்கு விடுவது. பர்கண்டியில் விளைகிறதில் ஏறக்குறைய பாதி வெறும் வட்டார ஒயின், அதற்கு மேலே கிராமப் பெயர் போட்டது, அதற்கு மேலே ப்ரெமியே க்ரூ, உச்சியில் இருக்கும் கிரான் க்ரூ நூற்றுக்கு ஒன்று இரண்டுதான் தேறும். சாதாரண மாக்கோன், சாதாரண ஷாப்ளி (இரண்டும் பர்கண்டியின் பகுதிகள்), 'பூர்கோஞ் பிளான்', அதாவது வெள்ளை பர்கண்டி, என்று மட்டும் போட்டது, இவற்றை வாங்கிய இரண்டு மூன்று வருடத்தில் குடித்துவிடுவது நல்லது, வைத்திருந்தால் பழச்சுவை போய் ஒன்றுமில்லாமல் நிற்கும். கிராம மெர்சோ, புலினி என்றால் அறுவடையிலிருந்து நான்கிலிருந்து ஏழு வருடம் என்று வைத்துக்கொள்கிறேன். நல்ல ப்ரெமியே க்ரூவுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு. கோர்த்தோன் ஷார்லமாஞ், ஷெவாலியே மோன்ராஷே, ஷாப்ளியின் லே க்ளோ மாதிரி கிரான் க்ரூ நிலங்களுக்குப் பத்து வருடம் கொடுத்தால்தான் நியாயம். ஒயினை ஆக்குகிறவர் கையைப் பொறுத்து இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் நகரும், இது என் அனுபவக் கணக்குதான்.

பெயரில் ஏமாறுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாந்து வாங்கியதைத்தான் நாம் ரொம்ப நாள் பூட்டி வைக்கிறோம். லேபிளில் புலினி மோன்ராஷே என்று இருந்தால் அது மோன்ராஷே இல்லை. மோன்ராஷே என்பது வெறும் 8 ஹெக்டேர் கிரான் க்ரூ நிலம், நம் கணக்கில் இருபது ஏக்கர்கூட வராது, அதில் பல உரிமையாளர்கள். அதன் புகழைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த புலினியும் ஷாஸாஞும் 19-ஆம் நூற்றாண்டில் தங்கள் ஊர்ப் பெயரோடு மோன்ராஷேயை ஒட்டிக்கொண்டன. மெர்சோவில் நேர் எதிர் நிலைமை, அங்கே வெள்ளைக்கு கிரான் க்ரூவே கிடையாது, ஆனால் பெரியேர், ஜெனவ்ரியேர், ஷார்ம் என்ற ப்ரெமியே க்ரூ நிலங்கள், அதிலும் பெரியேர், நல்ல கையில் இருந்தால் கிரான் க்ரூவோடு தாராளமாக நிற்கும். அதனால் படிநிலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், ஆக்கியவர் யார் என்று முதலில் பாருங்கள்.

ஆண்டைப் பார்ப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. பர்கண்டிக்கு நல்ல வருடம் என்று கேள்விப்பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள், அந்தப் பேச்சு பெரும்பாலும் சிவப்பு ஒயினைப் பற்றியது. சிவப்புக்கான திராட்சை பினோ நுவாருக்கு நல்லதாக இருந்த வெயில் வெள்ளைக்கான திராட்சை ஷார்டனேவின் புளிப்பைத் தின்றுவிடலாம், புளிப்பு இல்லாத வெள்ளை நீண்ட நாள் தாங்காது. 2003 கோடையில் வெப்ப அலை அடித்து ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கிவிட்டது, அந்த வருட வெள்ளைகள் பெரும்பாலும் சீக்கிரமே தளர்ந்தன. 2014-ஐப் பாருங்கள், சிவப்பில் அதைப் பெரிதாக யாரும் கொண்டாடவில்லை, வெள்ளையில் அருமையான வருடம், புளிப்பும் சதையும் சரியாகச் சேர்ந்திருக்கிறது. 2017-ம் வெள்ளைக்கு நல்ல வருடம். 2021 ஏப்ரலில் உறைபனி துளிர்களைக் கருக்கிவிட்டதால் அந்த வருட வெள்ளை ரொம்பக் கொஞ்சம், விலை ஏறியதற்குத் தரத்தோடு சம்பந்தமில்லை.

சரி, திறக்கும் இடத்துக்கு வருவோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றாதீர்கள். 4 டிகிரியில் நல்ல மெர்சோவுக்கும் சாதாரண ஷார்டனேவுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டும் குளிர்ந்த புளிப்புத் தண்ணீர்தான். ஷாப்ளிக்கு 10 அல்லது 11 டிகிரி, பெரிய ஒயின்களுக்கு 12-லிருந்து 14. வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் அரைமணி நேரம் வைத்தால் பக்கத்தில் வந்துவிடும். ஒடுக்கமான சின்ன கிளாசும் வேண்டாம், வயிறு அகன்ற கிளாசில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் போதும்.

ஊற்றியதும் தீக்குச்சி உரசிய வாசனை வந்தால் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். இளம் வெள்ளை பர்கண்டியில் இது அடிக்கடி வரும், காற்றுப்படாமல் ஈஸ்டோடு பீப்பாயில் கிடந்ததால் உண்டாகும் கந்தகச் சேர்மங்கள் அவை. அளவாக இருந்தால் எனக்கு இந்த வாசனை ரொம்பப் பிடிக்கும், பழச்சுவைக்கு ஒரு முனை கொடுக்கிறது, அதோடு ஒயின் ஆக்சிஜனிலிருந்து நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்பதற்கும் ஓரளவு அடையாளம். அதிகமாக இருந்தால் டிகேன்டரில், அதாவது காற்றுப்பட வைக்கிற அகன்ற கண்ணாடிக் குடுவையில், ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். வெள்ளைக்கு டிகேன்டரா என்று கேட்பார்கள். ஆமாம், இளசுக்குக் கட்டாயம் உதவும். அழுகிய முட்டை, வேகவைத்த முட்டைக்கோஸ் மாதிரி வாசனை மணிக்கணக்கில் போகாமல் நின்றால் மட்டும்தான் அது கோளாறு.

இதற்கு நேர் எதிரான தவறு வெண்ணெயும் வனிலாவும் வந்தால் உயர்ந்த ஒயின் என்று நினைப்பது. வெண்ணெய் வாசனை டயசெட்டைலிலிருந்து வருகிறது, ஆப்பிளில் இருக்கிற மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா தயிரில் இருக்கிற லாக்டிக் அமிலமாக மாற்றும்போது பக்கவிளைவாக உண்டாகும் பொருள். வனிலாவும் வறுத்த ரொட்டி வாசனையும் புது ஓக் பீப்பாயின் வேலை. இவை இருப்பதில் தப்பில்லை, ஆனால் இவை மட்டுமே தெரிந்தால் நீங்கள் ருசிப்பது மரத்தையும் பாக்டீரியாவையும்தான், நிலத்தை இல்லை. நான் முதலில் பார்ப்பது விழுங்கிய பிறகு என்ன மிச்சம் நிற்கிறது என்பதை. உப்புக் கல்லை நக்கின மாதிரி வாயூற வைக்கிற ஒரு முடிவு இருந்தால் அந்த ஒயினுக்கு எதிர்காலம் இருக்கிறது.

இன்னொன்று, நடுவில் ஒயின் வாய்மூடிக்கொள்ளும் காலம். மூன்று வயதில் குதித்துக்கொண்டிருந்த ஒரு புலினி ஐந்தாம் வயதில் மணமே இல்லாமல் இறுகிப்போய் நிற்கலாம். செத்துவிட்டது என்று மீதியை விற்றுவிடாதீர்கள். செத்த ஒயினும் மூடிய ஒயினும் ஒன்றில்லை: மூடியதன் நிறம் வெளிறிய மஞ்சளாக, ஓரத்தில் லேசான பச்சையோடு இருக்கும், காற்றுப்பட்டால் மெல்லத் தேறும். செத்தது பழுப்பு நிறத்தில் இருக்கும், கிளாசில் வைக்க வைக்க மோசமாகும். இரண்டு வருடம் பொறுத்துத் திரும்பத் திறந்து பாருங்கள். புட்டியின் அடியிலோ தக்கையிலோ கல்கண்டுத் துகள் மாதிரி ஒட்டியிருந்தால் அதுவும் பயப்பட வேண்டிய விஷயமில்லை, குளிரில் படிந்த டார்ட்டாரிக் உப்பு, கண்ணாடித் தூள் இல்லை.

வைக்கும் இடம். 12, 13 டிகிரி, இருட்டு, ஈரப்பதம், அசைவில்லாத மூலை. சென்னையிலோ கொழும்பிலோ இருந்தால் அலமாரியில் வைத்து வயதாக்கும் பேச்சே வேண்டாம், 30 டிகிரியில் ஒரு கோடை போதும் இந்த ஒயினை முடிக்க. அதற்கென்று செய்த ஒயின் குளிர்பெட்டி இல்லாவிட்டால் வாங்கியதைச் சீக்கிரம் குடித்துவிடுங்கள். சாப்பாட்டு ஃப்ரிட்ஜில் சில வாரம் வைக்கலாம், வருடக்கணக்கில் வைத்தால் அந்த வறண்ட காற்றில் தக்கை காய்ந்துவிடும். 1.5 லிட்டர் மேக்னம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே வருகிற காற்று அதிக ஒயினுக்குப் பகிர்ந்து போவதால் மெதுவாக வயதாகும்.

வயதான புட்டியைக் காரக் குழம்போடு திறக்காதீர்கள். மிளகாய்க்கு முன்னால் அந்தத் தேனும் கொட்டையும் காணாமல் போகும், நாக்கில் ஆல்கஹாலின் எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். வெண்ணெயில் வாட்டிய மீன், வறுத்த கோழி, ஒரு துண்டு கோம்தே பாலாடைக்கட்டி, இவை போதும்.

மிச்சம் வைப்பதிலும் வயதைப் பார்க்க வேண்டும். நான்கு வயது மெர்சோவை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் பெரும்பாலும் இன்னும் நன்றாக இருக்கும், இரண்டாம் நாள் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அதே ஒயினில் இன்னும் எத்தனை வாங்குவது என்று நான் முடிவு செய்கிறேன். பதினைந்து வயதுக்காரரை அன்று இரவே முடித்துவிடுங்கள். அந்த 2008 பெட்டியில் மிச்சமிருந்த மூன்று புட்டிகளை அதற்கடுத்த ஆறு மாதத்தில் திறந்துவிட்டேன், இரண்டு உயிரோடு இருந்தன.