டவுன் ஸ்லீப்பிங் பேக் குளிர் தாங்கல, அதை சரி பண்ணின விதம்

உத்தராகண்ட்ல இருக்கற கேதார்காந்தா மலைக்கு விண்டர் ட்ரெக் போக, செகண்ட் ஹேண்ட்ல ஒரு டவுன் (பறவையோட மெல்லிய உள்-இறகு அடைச்ச) ஸ்லீப்பிங் பேக் எடுத்தேன், டேக்ல கம்ஃபர்ட் (வசதியா தூங்கற அளவு) -5 டிகிரி, லிமிட் (கஷ்டப்பட்டு சமாளிக்கற அளவு) -12ன்னு இருந்துச்சு, கம்ஃபர்ட் நம்பரை வச்சுத்தான் எடுத்தது. ஆனா ஜூடா கா தாலாப் கேம்ப்ல, டெம்பரேச்சர் ரொம்ப கீழ போகாத ராத்திரியிலயே முட்டி ரெண்டும் விறைச்சுப் போச்சு.

தரையிலேர்ந்து குளிர் ஏறுதோன்னு இன்னொரு ஃபோம் மேட் போட்டேன், முதுகு சரியாச்சு, முட்டி அப்படியேதான். லைனர் (பேக் உள்ள போடற துணி உறை), வெந்நீர் பாட்டில், எதுவும் விடியற வரைக்கும் தாங்கல.

வீட்டுக்கு வந்து பேக் உள்ள டார்ச் அடிச்சு பாத்தப்போதான் புரிஞ்சுது. முட்டி வர்ற எடத்துல இறகெல்லாம் கொட்டைப்பாக்கு சைஸுக்கு திரண்டு ஓரமா ஒதுங்கி, நடுவுல வெறும் துணி! வியர்வையும் உடம்பு எண்ணெயும் ஏறுனா டவுன் ஒட்டிக்கும், உப்பி காத்தைப் பிடிச்சாதானே சூடு. செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க கடையிலயே இப்படி டார்ச் அடிச்சு பாத்துடுங்க.

பெரிய டப்ல டவுன் வாஷ் (டவுனுக்குன்னே இருக்கற சோப்பு) ஊத்தி கையால அமுக்கி அலசுனேன், முறுக்கவே கூடாது, தூக்கும்போதும் அடியில கை குடுத்து மொத்தமா தூக்கணும், இல்லேன்னா உள்தையல் கிழிஞ்சிரும். அப்பறம் லாண்ட்ரில பெரிய ட்ரையர், லோ ஹீட், கட்டியை உடைக்க கூடவே டென்னிஸ் பால். கொஞ்ச நேரத்துலயே வெளிய காஞ்ச மாதிரி தெரியும், நம்பாதீங்க, விரலால நசுக்குனா குட்டி குட்டியா கட்டி தட்டுப்படும், அதெல்லாம் ஈரம். கட்டி மொத்தமா கரையற வரைக்கும் ஓட்டினேன், பாதி நாள் போச்சு, ஆனா பேக் நல்லா எழும்பி நின்னுச்சு, அப்பாடா. அடுத்த ட்ரெக்ல முட்டி சூடாவே இருந்துச்சு. இப்ப அழுத்திச் சுருட்டாம பெரிய காட்டன் பையில தளர்வா வச்சிருக்கேன்.