காந்தம் முன்னே, புத்தகம் பின்னே: பையன்களை வாசிக்க வைக்கும் பரிசுப் பெட்டி செய்வது எப்படி?

பிறந்தநாளுக்கு ஓர் அறிவியல் விளையாட்டுப் பொருளையும் ஒரு புத்தகத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் பெரும்பாலான வீடுகளில் ஒன்றுதான் நடக்கும். பொருள் அன்று சாயங்காலத்துக்குள் பிரிபட்டுக் கிடக்கும். புத்தகம் அலமாரி ஏறிவிடும், அல்லது ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுக்கப் போய்விடும். ஒரே தாளில் சுற்றப்பட்டதைத் தவிர இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை, அதுதான் காரணம். கைவேலை நடுவில் நிற்கும்போது, அதை நகர்த்தப் புத்தகம் வேண்டியிருந்தால் பையன் தானே திறப்பான். அந்தத் தேவையைப் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தருவதற்கான செய்முறை இது. 8 முதல் 12 வயதுவரை உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

பையன்கள் என்று தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல நாடுகளில் 15 வயது மாணவர்களுக்கு நடத்தப்படும் பிசா என்ற ஒப்பீட்டுத் தேர்வில், 2018-இல் வாசிப்பில் பெண் பிள்ளைகளே முன்னால் நின்றார்கள். தேர்வை நடத்தும் ஓஇசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகளில் சராசரி இடைவெளி 30 புள்ளி. பெட்டி என்னவோ பெண் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும். பூச்சியும் மோட்டாரும் ஆம்பளைப் பையனுக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

படி 1: ஒரு வாரம் கையைப் பாருங்கள்

"உனக்கு என்னடா பிடிக்கும்?" என்று கேட்டால் "தெரியலை" என்றோ "கிரிக்கெட்" என்றோ பதில் வரும். கேட்காதீர்கள். சும்மா இருக்கும்போது அவன் கை எங்கே போகிறது என்று பாருங்கள். பேனாவையும் ரிமோட்டையும் கழற்றுகிறானா? செடி இலையைப் புரட்டுகிறானா? கல், கண்ணாடித் துண்டு, மூடி என்று டவுசர் பை நிறையச் சேர்க்கிறானா? கழற்றுகிறவனுக்கு மோட்டார், புரட்டுகிறவனுக்குப் புழு, சேர்க்கிறவனுக்குப் படிகம். இந்த மூன்றைத்தான் கீழே சொல்லப்போகிறோம்.

படி 2: இடைவெளி உள்ள பொருளாக எடுங்கள்

வாசிப்பு நுழைய ஒரு சந்து வேண்டும். அது இரண்டு வகையில் கிடைக்கும். ஒன்று திணறல்: செய்தது வேலை செய்யாது, ஏன் என்று தெரிந்தாக வேண்டும். மற்றொன்று காத்திருப்பு: வளர வேண்டியது வளரும்வரை கைக்கு வேலை இல்லை. இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாத பொருளோடு எந்தப் புத்தகமும் ஒட்டாது.

கடையில் விற்கும் "100 சோதனைகள்" பெட்டியை இதனால்தான் தவிர்க்கச் சொல்கிறோம். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்தில் முடிந்து அடுத்தது வந்துவிடும். நின்று யோசிக்க இடமே இல்லை. ரிமோட் கார், மின்னும் லைட் வகையறாக்களும் அப்படித்தான். பேட்டரி போட்டதும் ஓடிவிடும் பொருளிடம் கேட்க என்ன கேள்வி இருக்கிறது?

படி 3: மோட்டார் பெட்டி

திணறல் வகையில் இதை மிஞ்ச ஒன்றில்லை. குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்யும் அரவிந்த் குப்தா நாடு முழுக்கப் பரப்பிய எளிய மோட்டார் இது. ஒரு பெட்டிக்கு வேண்டியவை:

- பெரிய டார்ச் செல் (1.5 வோல்ட்) – 2. ஒன்று கூடுதலாக.
- 26 கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) எனாமல் பூசிய செம்புக் கம்பி – 4 மீட்டர். எனாமல் என்பது மின்சாரத்தைக் கடத்தாத மெல்லிய பூச்சு. மோட்டார் காயில் கட்டும் கடையில் எடை போட்டுத் தருவார்கள். 50 கிராம் வாங்கினால் 30 மீட்டருக்கு மேல் வரும். சித்தப்பா பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பெட்டி போட்டுவிடலாம்.
- பெரிய ஊக்கு – 2
- இரண்டு செ.மீ. அகல ஃபெரைட் வட்டக் காந்தம் (கறுப்பாக இருக்குமே, அது) – 1
- பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு செ.மீ. அகலத்தில் வெட்டிய வளையம் – 2
- உப்புத்தாள், உள்ளங்கை அளவு

வெள்ளிபோல் மின்னும் நியோடிமியம் காந்தம் வேண்டாம். அதன் சின்ன உருண்டைகளைக் குழந்தைகள் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே ஓட்டையாக்கிவிடும். வீட்டில் சின்னத் தங்கை, தம்பி இருந்தால் இதில் சமரசம் கூடாது.

செய்முறை: கம்பியில் ஏறக்குறைய 1.2 மீட்டர் வெட்டி, செல்லின் மேலேயே 10 சுற்றுச் சுற்றிக் கழற்ற வேண்டும். இரு முனையிலும் 5 செ.மீ. விட்டு, முனையைச் சுருளின் மேல் இரண்டு தடவை சுற்றி இறுக்கினால் சுருள் கலையாது. மிச்சமுள்ள இரு முனைகளும் சுருளின் கைகள்போல் எதிரெதிரே ஒரே நேர்கோட்டில் நீள வேண்டும். ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும். மறு முனையில், சுருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மேல் பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். செல்லின் இரு முனைகளிலும் ஊக்குகளை நிற்க வைத்து, டியூப் வளையத்தால் நீளவாக்கில் இறுக்கி, காந்தத்தைச் செல்லின் முதுகில் வைத்து, ஊக்கின் துளைகளில் சுருளைத் தொங்கவிட வேண்டும். சுருளுக்கும் காந்தத்துக்கும் 2 முதல் 5 மி.மீ. இடைவெளி போதும். விரலால் லேசாகத் தட்டிவிட்டால் சுழலும்.

சுழலும் என்று எழுதிவிட்டோம். முதல் தடவை சுழலாது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

அசையவே இல்லையென்றால் எனாமல் சரியாகப் போகவில்லை. எனாமலும் செம்பு நிறத்திலேயே இருப்பதால் வெறும் கம்பிபோல் தெரிந்து ஏமாற்றும். உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பு மாறும்வரை விடக்கூடாது. துள்ளிக் கீழே விழுந்தால் சுருளின் இரு கைகளும் நேர்கோட்டில் இல்லை. அரைச் சுற்று போய்ப் பின்னால் ஆடி நின்றால் இரண்டு முனையையும் முழுக்கச் சுரண்டிவிட்டான் என்று பொருள். அப்படிச் செய்தால் ஒரு பாதிச் சுற்றில் காந்தம் சுருளை முன்னே தள்ளும். மறு பாதியில் அதே மின்னோட்டம் பின்னே இழுக்கும். பாதி எனாமல் மிச்சமிருந்தால், பின்னே இழுக்கும் அந்தப் பாதியில் மின்சாரம் அறுந்துபோய், சுருள் தன் வேகத்திலேயே கடந்துவிடும்.

இன்னொன்று. இந்தக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.1 ஓம்தான் தடுக்கும், அதாவது கிட்டத்தட்ட குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்). சுழலாமல் 10 விநாடிக்கு மேல் அப்படியே விட்டால் கம்பியும் செல்லும் சுடும். செல் சீக்கிரம் தீருவதும் இதனால்தான்.

படி 4: அதற்கான புத்தகம்

மோட்டார் பெட்டிக்கு "காந்தமும் மின்சாரமும்" மாதிரித் தலைப்பில் 32 முதல் 64 பக்கத்துக்குள் ஒரு சிறுவர் நூல் போதும். வாங்குவதற்கு முன் கடையிலேயே நின்று மூன்று சோதனை செய்யுங்கள்.

முதலாவது, மோட்டார் படம் இருக்கிறதா, அது ஏன் ஒரே பக்கமாகச் சுழல்கிறது என்று விளக்கியிருக்கிறதா? இல்லையென்றால் அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். நம் பையன் மாட்டிக்கொள்ளப் போகும் இடத்துக்கு அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை.

இரண்டாவது, ஐந்து விரல் சோதனை. அவன் வயதுப் பிள்ளை ஒருவனை நடுவில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் புத்தகம் அவனுக்குக் கனம். பாடநூல் நடையில் "மின்காந்தத் தூண்டல் எனப்படுவது யாதெனில்" என்று தொடங்கும் நூல்கள் முதல் பத்தியிலேயே தோற்கும்.

மூன்றாவது, மொழி. அவன் எந்த மொழியில் வேகமாக வாசிக்கிறானோ அதில் வாங்குங்கள். ஆங்கில வழியில் படிக்கிறவனுக்குத் தமிழ் வரவேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் ஒரே பெட்டியில் இரண்டு ஆசையை ஏற்றினால் இரண்டும் கவிழும்.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ஸ்டோரிவீவர் தளத்தில் பிரதம் புக்ஸ் நான்கு படிநிலைகளில் தமிழ்க் கதைகளை இலவசமாகத் தருகிறது. அறிவியல் கதைகளும் உண்டு. அரவிந்த் குப்தாவின் இணையதளத்திலும் நூல்களை இறக்கிக்கொள்ளலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் மாத இதழ் துளிர். திரையில் காட்டாமல் அச்சடித்து, ஓரத்தில் தைத்துக் கொடுங்கள். அலைபேசியில் வாசிக்கக் கொடுத்தால் மூன்றாம் நிமிடம் அவன் வேறெங்கோ இருப்பான்.

படி 5: சீட்டு வைத்துக் கட்டுதல்

முழுச் செய்முறையையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். ஆனால் பழுதுக்கான பதில்களை அதில் எழுதாதீர்கள். அவற்றுக்கு மட்டும் புத்தகத்தில் உரிய பக்கத்தில் வண்ணச் சீட்டு ஒட்டி, பெட்டியின் அடியில் ஒரு துண்டுத் தாள் போடுங்கள். இப்படி:

"தம்பி, சுருள் ஆடிட்டு நின்னுடுதா? உன் மேல தப்பில்ல. பச்சைச் சீட்டு ஒட்டின பக்கத்தைப் பாரு. பார்த்துட்டு மாமாவுக்கு போன் பண்ணு, எனக்கும் அது புரியணும்."

ஒரு புத்தகத்துக்கு மூன்று சீட்டு போதும். பத்து ஒட்டினால் வீட்டுப்பாடம் ஆகிவிடும். பொருளை மேலேயும் புத்தகத்தை அடியிலும் வையுங்கள். மேலே புத்தகம் இருந்தால், பெட்டியைத் திறந்ததும் அவன் முகம் சுண்டுவதை எல்லோரும் பார்க்க வேண்டியிருக்கும். அந்த நினைவு புத்தகத்தோடேயே ஒட்டிக்கொள்ளும்.

காத்திருப்புப் பெட்டிகள்

கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சையோ உள்ள வீட்டுக்குப் புழுப் பெட்டி; அந்த இலையைத் தின்னும் புழுவை வண்ணத்துப்பூச்சியாகும்வரை வளர்க்கத்தான் இது. 10 மடங்கு கை லென்ஸ் ஒன்று, ஓர் அடி உயரப் பிளாஸ்டிக் டப்பா, மூடக் கொசுவலைத் துணி, ரப்பர் பேண்டு, கூட்டுப்புழு தொங்க ஒரு குச்சி, பூச்சிகளைப் பற்றிய படநூல் ஒன்று. இலையில் பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருப்பதை லென்ஸில் பார்த்தால் அது புழு. வளர வளரப் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல் சிவப்பாக ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும்; அது என்ன என்று எந்தப் பையனும் தேடாமல் விடமாட்டான். முதல் சீட்டு அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வர ஏறக்குறைய ஒரு மாதம். தினமும் புது இலை, தினமும் எச்சத்தைத் துடைத்தல், அவ்வளவுதான் வேலை. கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். கடையில் வாங்கிய கறிவேப்பிலையில் பூச்சிமருந்து இருந்தால் புழு ஒரே நாளில் செத்துவிடும். வீட்டுச் செடி இலையை மட்டும் போடுங்கள். டப்பாவுக்குள் தண்ணீர் தெளித்தால் பூஞ்சை பிடிக்கும். சில சமயம் கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் ஒரு குளவி வெளியே வரும். அழவேண்டாம். வெளியில் இருந்தபோதே குளவி ஒன்று புழுவுக்குள் முட்டையிட்டிருக்கிறது. ஒட்டுண்ணிகளைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று முன்பே பார்த்து வாங்குங்கள், அன்றைக்கு அது தேவைப்படும்.

படிகப் பெட்டி மலிவானது. நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் 100 கிராம், கண்ணாடி டம்ளர் இரண்டு, தூண்டில் நரம்பு ஒரு முழம், கற்களும் தாதுக்களும் பற்றிய புத்தகம். 200 மி.லி. சுடுதண்ணீரில் 60 கிராம் படிகாரத்தைக் கரைத்து, துணியில் வடிகட்டி, அசையாத இடத்தில் வைக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் சூடாக்கலாம், அலுமினியம் வேண்டாம். அடுப்படி வேலையைப் பெரியவர் பார்த்துக்கொள்ளட்டும். மறுநாள் அடியில் முளைத்திருப்பவற்றில் தெளிவான ஒன்றை நரம்பில் கட்டி, வடித்த கரைசலில் தொங்கவிடலாம். பருத்தி நூலில் கட்டினால் நூலின் பிசிர்தோறும் படிகம் பிடித்து ஒரே கட்டியாகிவிடும். வெயில் காலத்தில் மதியச் சூட்டில் தொங்கவிட்ட சின்னப் படிகம் கரைந்தே போகலாம்; பீரோவுக்குள்ளோ தெர்மாகோல் பெட்டியிலோ வையுங்கள். முழுதாக வளர்ந்ததும் நிறமற்ற நகப்பூச்சு ஒரு பூச்சு பூசாவிட்டால் நீரிழந்து வெளுத்துவிடும்.

கொடுத்த பிறகு

முதல் நான்கு பக்கத்தைப் பெரியவர் வாசித்துக் காட்டுங்கள். அப்பாவோ தாத்தாவோ வாசித்தால் இன்னும் நல்லது. வாசிப்பு அம்மா வேலை என்று பையன்கள் எண்ணுவதற்கு நாம்தான் காரணம். நடு வாக்கியத்தில் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாலும் தப்பில்லை.

"படிச்சியா? என்ன புரிஞ்சுது, சொல்லு" என்று மட்டும் கேட்காதீர்கள். விருந்தாளி முன்னால் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அதற்குப் பதில் "ஏன்டா இப்ப மட்டும் சுத்துது?" என்று மோட்டாரைப் பற்றிக் கேட்டால், புத்தகத்தில் இருந்தது தானே வெளியே வரும். சீட்டு ஒட்டிய மூன்று பக்கம் தவிர வேறெதையும் அவன் தொடவில்லையென்றாலும் கணக்கு சரிதான். அறிவியல் நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

10, 15 நாள் கழித்து இரண்டாம் புத்தகத்தைக் கொடுங்கள். இது பதில் தேடும் புத்தகமாக இல்லாமல் கதையாக இருக்கட்டும். மோட்டார் செய்தவனுக்கு மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கை. லண்டனில் கொல்லர் மகனாகப் பிறந்து, 14 வயதில், 1805-இல், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர்; தைக்க வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையை வாசித்துவிட்டு, கையில் கிடைத்ததை வைத்துச் சோதனை செய்தவர்; 1821-இல் காந்தத்தைச் சுற்றிக் கம்பியைச் சுழல வைத்தவர். ஊக்கும் டார்ச் செல்லும் கையில் வைத்திருக்கும் பையனுக்கு அந்தக் கடைப் பையன் அந்நியன் இல்லை. படிகம் வளர்த்தவனுக்கு, வைரங்களையும் தாதுக்களையும் தேடித்தேடிச் சேர்த்த சி.வி.ராமனின் வாழ்க்கை பொருந்தும். புழு வளர்த்தவனுக்குக் காட்டைப் பற்றிய கதை எதுவானாலும் சரி.

மூன்றாம் தடவை பொருளும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். புத்தகக் கடைக்கோ மாவட்ட மைய நூலகத்துக்கோ கூட்டிப்போய், சிறுவர் பகுதியில் விட்டுவிட்டு, நீங்கள் வேறு வரிசையில் அரைமணி நேரம் நின்றுகொள்ளுங்கள். அவன் எடுத்து வருவது பேய்க்கதையாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக் கொடுங்கள்.