கையடக்க டிஜிட்டல் கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையடக்கக் கேமரா வாங்க விரும்புவோரில் பலர், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மெகாபிக்சல் எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஒரு படம் எத்தனை புள்ளிகளால் ஆனது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற நேர்த்தியில் அச்சிடுவதற்கு ஏறத்தாழ 8.7 மெகாபிக்சல் போதும். 4கே திரையை முழுமையாக நிரப்ப 8.3 போதும். நல்ல கேமராக்கள் எல்லாம் இந்த அளவை எப்போதோ கடந்துவிட்டதால், இரண்டில் எது சிறந்தது என்பதை இந்த எண்ணை வைத்து முடிவு செய்வது பிழையாகும்.

ஷட்டர் திறந்திருக்கும் அந்தக் கணத்தில், ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சில்லான சென்சாரின் மேல் மொத்தம் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதே படத்தின் தரத்தைப் பெரிதும் நிர்ணயிக்கிறது. ஒளி துகள்களாக வந்து விழுவதால், அவற்றின் எண்ணிக்கை குறையக் குறைய ஏற்ற இறக்கம் கண்ணுக்குப் புலப்படத் தொடங்குகிறது. நிழலான இடங்களில் மணல் தூவியதுபோலத் தெரியும் நாய்ஸுக்கு முதன்மையான காரணம் இதுதான். கேமரா அதை மறைப்பதற்காகப் படத்தை வழவழப்பாக்கும்போது, முகத்தின் தோல் மெழுகு பூசியதுபோல ஆகிவிடுகிறது. ஆகவே சென்சாரின் பரப்பைப் பாராமல் வாங்குவதையே நான் இருப்பதிலேயே பெரிய தவறாகக் கருதுகிறேன்.

இங்கே பெயர்களும் குழப்புகின்றன. 1 அங்குலச் சென்சார் என்று அழைக்கப்படுவதன் உண்மையான அளவு 13.2 × 8.8 மில்லிமீட்டர்தான். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தைக் கொண்டு அளந்த வழக்கம் இன்னும் தொடர்வதால், சென்சாரின் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இருப்பதில்லை. மலிவான கேமராக்களில் காணப்படும் 1/2.3 அங்குலச் சென்சார் சுமார் 6.2 × 4.6 மில்லிமீட்டர், இதைப்போல நான்கு மடங்கு பரப்பு 1 அங்குலச் சென்சாருக்கு உண்டு. ரிக்கோ ஜிஆர் 3, ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100விஐ ஆகியவற்றில் உள்ள ஏபிஎஸ்-சி என்ற அளவு வகைச் சென்சார் 1 அங்குலச் சென்சாரைவிடவும் மூன்று மடங்கு பெரியது. மில்லிமீட்டர் கணக்கைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பானது.

அடுத்த தவறு ஜூம் மீதுள்ள ஆசை. லென்ஸை நீட்ட நீட்ட, அதன் குவியத் தூரத்தோடு ஒப்பிடுகையில் துளை பெரும்பாலும் சிறிதாகிக்கொண்டே போகும்; இதைக் குறிக்கும் எஃப் எண் பெரிதானால் துளை சிறிது என்று பொருள். 2012இல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100, விரிந்த கோணத்தில் எஃப்/1.8 ஆகவும் முழு ஜூமில் எஃப்/4.9 ஆகவும் இருந்தது. கணக்கிட்டால் ஒளி ஏழில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடுகிறது. அதே வரிசையில் பின்னர் வந்த ஏழாவது மாடல், 200 மில்லிமீட்டருக்கு இணையான குவியத் தூரம் வரை எட்டும்பொருட்டுத் தொடக்கத் துளையையே எஃப்/2.8 ஆகக் குறைத்துக்கொண்டது. பகலில் வெளியிடத்தில் படம் எடுப்பவருக்கு இந்தப் பரிமாற்றம் நியாயமாக இருக்கலாம். மாலையில் வீட்டுக்குள் குழந்தைகளைப் படம் எடுப்பவருக்கு அது இழப்பே. டிஜிட்டல் ஜூமைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், ஏனெனில் அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே.

பெரிய சென்சார் ஒன்றையே பார்த்து, லென்ஸை மறந்துவிடுவதும் இதே அளவுக்குத் தவறானது. 2017இல் வந்த கேனான் ஜி1 எக்ஸ் மார்க் 3இல் ஏபிஎஸ்-சி சென்சார் இருந்தாலும், முழு ஜூமில் அதன் துளை எஃப்/5.6 மட்டுமே. 2014இல் வந்த பானாசோனிக் எல்எக்ஸ்100இன் சென்சார் அதைவிடச் சிறியது, ஆனால் முழு ஜூமிலும் எஃப்/2.8 தருவதால் ஒரு சதுர மில்லிமீட்டரின் மேல் நான்கு மடங்கு ஒளியை விழச் செய்கிறது. பரப்பையும் துளையையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணின் உச்சத்தைப் பெருமையாகச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை. அந்த அளவில் படம் பதிவாகும் என்பதற்கு அது உறுதி, நன்றாக இருக்கும் என்பதற்கு அல்ல. அசைவுத் தடுப்பு வசதி உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே ஈடுகட்டும், ஓடும் குழந்தையின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. சென்சாரின் தரவை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகப் பதிவு செய்யும் வசதி இல்லாத கேமராவை, தரத்தை நாடுபவர் தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து; கேமரா வழக்கமாகச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே இருப்பதால், இருண்ட பகுதியைப் பின்னர் மீட்க முயன்றால் நிறங்கள் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடக்கூடும்.

கேமராவின் பின்புறச் சிறு திரையில் பார்த்துத் திருப்தி அடைவதும் ஏமாற்றத்தில் முடிகிறது, ஏனெனில் அந்த அளவில் எந்தப் படமும் கூர்மையாகவே தெரியும். வாய்ப்புக் கிடைத்தால் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோய், மங்கலான உள்ளிடத்தில் ஃபிளாஷ் இல்லாமல், ஜூமின் இரு முனைகளிலும் படம் எடுத்து, கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கி மூலைகளைப் பாருங்கள். அப்போதே கேமராவைச் சட்டைப் பையில் போட்டும் பாருங்கள். 257 கிராம் எடையுள்ள ரிக்கோ ஜிஆர் 3 அதில் அடங்கும், ஆனால் அதில் ஜூமும் இல்லை, உள்ளமைந்த ஃபிளாஷும் இல்லை. ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100விஐ அரைக் கிலோவைத் தாண்டுவதால், அதற்குத் தனிப் பை தேவைப்படும்.